வீட்டு மானியத்தில் வெப்பத்துக்கும் ஓர் அளவுகோல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீடு கட்டுவதற்கு அரசு தரும் மானியங்களைப் பற்றியும், கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவதற்கான மானியத்தைப் பற்றியும் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. எவ்வளவு தொகை, யார் விண்ணப்பிக்கலாம், எந்தச் சான்றுகள் தேவை என்பவை அவற்றில் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் அந்தப் பணத்தில் எழும் வீடு வெயிலையும் மின்செலவையும் பொறுத்தவரை எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு வீடுகளுக்கு வரைபடம் போட்டு, தளம் போடும் நாளில் கூடவே நின்று, சாவி கொடுக்கும் வரை இருந்து பழகியவன் நான். அந்த உரிமையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத இரவு, நான் வரைபடம் போட்டுக் கொடுத்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மானியத் தொகையில் கட்டிய வீடுதான். சுவரில் விரிசல் இல்லை, தளத்தில் ஒழுக்கு இல்லை. மணி ஒன்பதரை. வீட்டுக்காரம்மா கைக்குழந்தையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது மேலிருந்து தள்ளிய காற்று அனலாக இருந்தது. நாற்காலி போட்டு ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்தேன். சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் இரவு முழுவதும் அதை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. முன்பு அந்தக் குடும்பம் இருந்த பனையோலைக் குடிசை மழைக்கு ஒழுகியது உண்மை, ஆனால் கோடையில் இப்படிச் சுட்டதில்லை என்று அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. அந்த வீட்டின் கூரையை வரைந்தவன் நான். எந்த மானிய விதியும் என்னைத் தடுக்கவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

இத்தனைக்கும் வீடு எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு நம் நாட்டில் எழுதப்பட்ட அளவுகோல் இருக்கிறது. மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் எரிசக்தித் திறன் செயலகம் 2018 டிசம்பரில் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் குடியிருப்புக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பின் முதல் பகுதியை வெளியிட்டது. சுவர், கூரை, ஜன்னல் ஆகிய வெளிப்புற உறுப்புகளைப் பற்றியது அது. குளிர்சாதனப் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் நட்சத்திர முத்திரை தரும் அதே செயலகம்தான் இது. கடைக்குப் போனால் மூன்று நட்சத்திரமா, ஐந்து நட்சத்திரமா என்று கேட்டு வாங்கப் பழகிவிட்ட நாம், அந்த மின்விசிறியை மாட்டும் வீட்டுக்கும் அதே அலுவலகம் அளவு வகுத்திருக்கிறது என்பதை அறியாமல் இருக்கிறோம்.

அந்த அளவுகளில் சாதாரண மக்களுக்கு முதலில் புரிய வேண்டியது கூரையைப் பற்றியது. கூரையின் வெப்பக் கடத்தல் அளவு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. மேலே ஒரு டிகிரி சூடு கூடுதலாக இருந்தால் ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக எத்தனை வாட் வெப்பம் கீழே இறங்குகிறது என்பதே இதன் பொருள். நாம் வழக்கமாகப் போடும் வெறும் கான்கிரீட் தளத்துக்கு இந்த அளவு 3-க்கு மேல் வரும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, தட்டோடு பதித்தாலும் 2-க்குக் கீழே வருவது அரிது. 300 சதுர அடி வீட்டின் கூரை ஏறத்தாழ 28 சதுர மீட்டர். மொட்டை மாடியில் வெயிலின் சூடு 60 டிகிரியாகவும் உள்ளே 35 டிகிரியாகவும் இருக்கும் ஒரு நண்பகலை எடுத்துக்கொண்டால், வெறும் தளத்தின் வழியாக 2,000 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கும். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டுவிட்டு அந்த அறையில் உட்கார்ந்திருப்பதற்கு அது சமம். விதி சொல்லும் 1.2 என்ற அளவுக்குக் கூரை வந்துவிட்டால் அதே நண்பகலில் இறங்குவது சுமார் 840 வாட்.

இதற்கு வெளிநாட்டுப் பொருளோ பெரிய தொழில்நுட்பமோ தேவையில்லை. தெர்மாகோல் வகையைச் சேர்ந்த, ஆனால் அழுத்தம் தாங்கும் காப்புப் பலகையை 25 மில்லிமீட்டர் கனத்தில் தளத்தின் மேல் விரித்து, அதற்கு மேல் கம்பிவலை வைத்துச் சாந்து போட்டாலே கூரை 1.2-க்குள் வந்துவிடும். ஈரம் இறங்காமலும் பலகை நசுங்காமலும் போடக் கொத்தனாருக்கு ஒரு முறை சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைப் பூச்சும் வெள்ளை ஓடும் நல்ல பயன் தருபவையே. வெயிலைத் திருப்பி அனுப்பித் தளம் சூடேறுவதையே அவை குறைக்கின்றன. ஆனால் கடத்தல் அளவு என்ற கணக்கில் அந்தப் பயன் தெரியாது என்பதையும், தூசியும் பாசியும் படிந்தால் சில பருவங்களில் குறைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். மானியத்துக்கு அளவு வகுக்கும்போது இந்த இரண்டு வழிகளையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

அடுத்தது காற்று. சென்னை போன்ற வெப்பமும் புழுக்கமும் நிறைந்த பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல், வெளியே திறக்கும் கதவு ஆகியவற்றின் பரப்பு தரைப்பரப்பில் 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்கிறது அதே விதித்தொகுப்பு. 300 சதுர அடி வீட்டுக்கு அது 50 சதுர அடி. மூன்றரைக்கு ஏழு அடியில் ஒரு வாசல் கதவும், நாலுக்கு நாலு அடியில் முழுவதும் திறக்கும் இரண்டு ஜன்னல்களும் வைத்தால் போதும். கதவு, ஜன்னல்களின் சட்டகத்துக்காகப் பத்து விழுக்காடு கழித்த பிறகும் 50 சதுர அடி தேறிவிடும். அதே இடத்தில் நகர்த்தித் திறக்கும் இரட்டைக் கதவு ஜன்னல்களை வைத்தால் பாதிப் பரப்புதான் திறக்கும்; கணக்கு 40 சதுர அடியைக்கூடத் தொடாது. இப்போது சிறிய வீடுகளிலும் நகர்த்தும் ஜன்னல்தான் நாகரிகம் என்று ஆகிவிட்டதால் இதைக் குறிப்பாக எழுதுகிறேன்.

சுவருக்கும் ஜன்னலுக்கும் சேர்த்து, ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே வரக் கூடாது என்ற இன்னோர் அளவும் உண்டு. அதைக் கணக்கிடுவது பொறியாளரின் வேலை. வீடு கட்டுபவர் அறிய வேண்டியது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட, காற்றுக்குமிழ்கள் நிறைந்த இலகுவான சிமென்ட் கட்டியான ஏஏசி பிளாக் சுவர் பாதி வெப்பத்தைக்கூடக் கடத்தாது என்பதும், மேற்குப் பக்க ஜன்னலுக்கு ஆழமான சன்ஷேடு அவசியம் என்பதும்தான்.

இவ்வளவு தெளிவான விதி ஏன் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை? காரணம் அதன் எல்லையில் இருக்கிறது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கே அது பொருந்தும் என்று வகுக்கப்பட்டது. 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்ட்டுக்கும் சற்று மேல். எங்கள் பகுதியில் மூன்று சென்ட்டிலும் ஐந்து சென்ட்டிலும் வீடு கட்டுபவர்கள்தான் பெரும்பான்மை. 2022-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டமும் குடியிருப்புகளைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் 100 கிலோவாட்டோ அதற்கு மேலோ மின்பளு உள்ள கட்டடங்களையே அது கணக்கில் எடுக்கிறது. தனி வீடு ஒன்று அதன் அருகில்கூட வராது. ஆகவே அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் பெருநிறுவனத்துக்கு அளவுகோல் இருக்கிறது. மானியத்தில் கட்டப்படும் ஓர் அறை வீட்டுக்கு இல்லை. மனையின் அளவு வரம்பை மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும் தங்கள் பகுதிக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளலாம் என்று அந்த விதித்தொகுப்பே இடம் தருகிறது. எனவே இதற்காக டெல்லியின் அனுமதியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

மானியத் திட்டங்கள் பக்கம் வருகிறேன். 2030-க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு என்ற நோக்கில் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரையாக இருக்க வேண்டும். பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. சொந்த மனையில் தாமே கட்டிக்கொள்பவர்களுக்கு அதில் மத்திய, மாநில அரசுகளின் பங்கு சேர்ந்து 2.5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. வீட்டின் உட்பரப்பு 30 முதல் 45 சதுர மீட்டர் வரை இருக்கலாம். இவை ஏழைக் குடும்பங்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கும் திட்டங்கள். குடிசை எரிந்து எல்லாவற்றையும் இழந்தவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் கான்கிரீட் கூரையின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் பரப்பு எவ்வளவு, வேலை எந்த மட்டம் வரை முடிந்தது என்று பார்த்தே தவணை விடுவிக்கப்படுகிறது. உள்ளே எவ்வளவு சுடும் என்பது எந்தப் படிவத்திலும் ஒரு கட்டமாக இல்லை.

தரத்துக்காகக் கூடுதல் தொகை தரும் வழக்கம் அரசுக்குப் புதிது அல்ல. மேலே சொன்ன நகர்ப்புறத் திட்டத்திலேயே, புதிய கட்டுமானத் தொழில்நுட்பத்தைக் கையாளும் கூட்டுக் குடியிருப்புகளுக்குச் சதுர மீட்டருக்கு 1,000 ரூபாய் வீதம், வீடு ஒன்றுக்கு 30 சதுர மீட்டர் வரை, தனி ஊக்கத்தொகை உண்டு. தாமே கட்டிக்கொள்பவருக்கு அது கிடையாது. அவர் வீட்டின் கூரைக் காப்புக்கும் சதுர மீட்டருக்கு அதே 1,000 ரூபாயைக் கொடுத்தால், 300 சதுர அடிக்கு 28,000 ரூபாய் ஆகும். காப்புப் பலகையும் மேல் சாந்தும் அந்தத் தொகைக்குள் அடங்கும் என்பது என் அனுபவக் கணக்கு. மானியத்தில் வீட்டையும் எரிசக்தியையும் சேர்த்துப் பார்த்த பெருமையும் தமிழ்நாட்டுக்கு உண்டு. 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டோடு சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகளும் சேர்த்தே வழங்கப்பட்டன. விளக்குக்கும் மின்கலத்துக்கும் ஆயுள் சில ஆண்டுகள். கூரையில் வைக்கும் காப்புக்கோ தளத்தின் ஆயுளே ஆயுள். அந்த நல்ல சிந்தனையின் அடுத்த படியைத்தான் கேட்கிறேன்.

இப்போது எரிசக்திக்கான மானியம் என்றாலே மக்கள் நினைவுக்கு வருவது 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம். ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்ட அதன் மொத்த ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக உச்சவரம்பு 78,000 ரூபாய். நான்கு கிலோவாட் போட்டாலும் ஐந்து போட்டாலும் அதே 78,000-தான். தகட்டின் தரம் இங்கே கறாராக வகுக்கப்பட்டிருக்கிறது: தகடு மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும், பதிவு பெற்ற நிறுவனம்தான் பொருத்த வேண்டும், மின்வாரியம் ஆய்வு செய்து இருவழி மீட்டர் வைத்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், விலை குறைவு என்று ஒரு நிறுவனம் சொன்னதை நம்பி இறக்குமதி செல் கொண்ட தகடுகளைப் பொருத்திவிட்டு, மானியம் கிடைக்காது என்று பிறகு அறிந்து மனமுடைந்து போனார். விலைப்பட்டியலில் தகட்டின் வகையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும்.

புதிதாக வீடு கட்டுபவர்கள் இந்தத் திட்டத்தைப் பற்றி யோசிப்பது பால் காய்ச்சிய பிறகுதான். அதற்குள் மாடியில் எல்லாம் முடிந்திருக்கும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். நம் ஊர்களில் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி தெற்கே சாய்ந்து செல்வதால், தகடுகளைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கிறோம். அதே தெற்கிலும் தென்மேற்கான கன்னி மூலையிலும் படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் உயர்ந்து நின்றால், மார்கழி, தை மாதங்களில் பிற்பகல் நிழல் தகடுகளின் மேல் நீளமாக விழும். வாஸ்து பார்ப்பவர்களின் நம்பிக்கையில் நான் குறுக்கிட விரும்பவில்லை. தொட்டி கன்னி மூலையில்தான் என்றால் தகடுகளுக்கான இடத்தை வரைபடத்திலேயே வடகிழக்குப் பக்கமாகத் தள்ளி ஒதுக்கிவிடலாம். மின்கம்பி இறங்கக் குழாயையும் தளம் போடும்போதே விட்டுவிடலாம். பிறகு உடைப்பதற்கு ஆகும் செலவு மிச்சம்.

ஆனால் ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். இந்த 78,000 ரூபாய் போய்ச் சேருவது மீதித் தொகையைத் தாமே போடவோ கடன் வாங்கித் திருப்பவோ முடிந்தவர்களுக்கு. இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் ஏற்கெனவே கட்டணமின்றிப் பெறும் தமிழ்நாட்டில், ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்குகளும் தொலைக்காட்சியும் மட்டும் உள்ள கனவு இல்லத்துக் குடும்பத்துக்குக் கூரையில் மின்சாரம் தயாரிப்பதால் பெரிய லாபம் இல்லை. அவர்களுக்கு எரிசக்திச் சேமிப்பு என்பது வீடு சுடாமல் இருப்பதுதான். இன்று சுடும் வீட்டில் இருப்பவர் நாளை கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதலில் வாங்குவது ஏர்கூலரையோ ஏசியையோதான். அதன்பின் அந்த 100 யூனிட் எங்கே போதும்? மின்வாரியத்துக்குக் கோடை இரவுகளின் தேவை ஏறுகிறது; சூரிய மின்சாரமோ இரவில் கிடைப்பதில்லை. பகலில் தகடு தயாரிக்கும் மின்சாரத்தால் இரவில் கூரை இறக்கும் வெப்பத்தைச் சமாளிக்க முடியாது என்பதால், தகட்டுக்கு இவ்வளவு மானியமும் கூரைக்கு ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

ஜெர்மனியில் அரசின் வளர்ச்சி வங்கி, புதிய வீடுகளுக்கான சலுகைக் கடனை வீட்டின் செயல்திறனோடு கட்டிவைத்திருக்கிறது. சட்டம் வகுத்த மாதிரி வீட்டுக்குத் தேவைப்படும் முதன்மை எரிசக்தியில் (எரிபொருளை எடுப்பது முதல் வீட்டுக்கு வந்து சேரும் வரை செலவாகும் மொத்த எரிசக்தியில்) நூற்றுக்கு 40 பங்கே தேவைப்படும் வீடு '40' என்ற தரம் பெறும். எண் குறையக் குறையத் தரம் உயர்வு. குளிர்நாட்டுக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. வீட்டை முழுமையாக அளந்து பார்த்துப் பணம் கொடுக்கும் முறை பொருந்தும்.

சிறு வீடுகளில் இதையெல்லாம் யார் சோதிப்பார்கள் என்று அதிகாரிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஓர் ஒன்றியத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளைப் பார்க்க வேண்டிய ஓவர்சியரின் கையில் வெப்பக் கணக்கைக் கொடுத்தால் அது ஏட்டிலேயே நின்றுவிடும். ஆகவே கணக்கைக் கொடுக்க வேண்டாம், விடையைக் கொடுக்கலாம். இன்ன கனத்தில் காப்புப் பலகை, இன்ன அளவில் இத்தனை ஜன்னல், மேற்கில் இத்தனை அடி சன்ஷேடு என்று, நான்கைந்து மாதிரி வரைபடங்களோடு, கொத்தனாருக்குப் புரியும் தமிழில் ஒரு தாள் போதும். காப்புப் பலகை விரித்திருக்கும்போது எடுத்த ஒரு புகைப்படமே அந்தத் தவணைக்குச் சான்றாக இருக்கலாம். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோதும் இதே ஐயங்கள் எழுந்தன. குழாயை எப்படி இறக்குவது, குழியில் என்ன நிரப்புவது என்பதை ஒவ்வொரு கொத்தனாரும் பிளம்பரும் சில மாதங்களில் கற்றுக்கொண்டார்கள். சொந்தப் பணத்தில் கட்டுபவர்களுக்கும் வழி இருக்கிறது: 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி வழங்கப்படுகிறது. அந்தப் படிவத்தில் கூரைக் காப்பு, திறக்கும் ஜன்னல் பரப்பு, தகடுகளுக்கான நிழலற்ற இடம் ஆகிய மூன்று விவரங்களைக் கேட்கலாம். முதல் இரண்டு ஆண்டுகள் கட்டாயம் வேண்டாம். நிறைவேற்றுபவருக்குச் சிறு கட்டணச் சலுகை தந்தால் போதும்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மானியச் செய்தி வெளியிடும் ஒவ்வொரு முறையும், தொகைக்கும் கடைசித் தேதிக்கும் பக்கத்தில், கூரைக்கு 1.2, ஜன்னலுக்கு ஆறில் ஒரு பங்கு என்ற இரண்டு அளவுகளையும் ஒரு சிறு பெட்டியில் அச்சிடுங்கள். ஊரக வளர்ச்சித் துறையும் வீட்டுவசதித் துறையும் அடுத்த ஆண்டுக்கான வழிகாட்டு நெறிகளை எழுதும்போது கூரைக் காப்புக்கென ஒரு தவணையைச் சேர்க்க வேண்டும் என்பதை இக்கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் இந்த மாதம் மூன்று மானிய வீடுகளுக்குச் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றின் வரைபடத்திலும் நான் காப்புப் பலகையைக் குறித்திருக்கிறேன். அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அந்தக் குடும்பங்கள் கேட்கின்றன. என்னிடம் இன்னும் பதில் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கட்டடப் பொறியாளர்,
விருதுநகர் மாவட்டம்.